பாரம் ஏற்றினால் மட்டும் வரும் பழுது

என் பிக்கப் வண்டி முதன்முறை என்னை நடுவழியில் நிறுத்தியபோது அதை வாங்கி 4 மாதங்கள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. மீட்டரில் 5,212 கிலோமீட்டர் காட்டியது. பின்தொட்டியில் மூன்று கதவு மர அலமாரி ஒன்று, மூலைகளுக்குப் பழைய போர்வை கொடுத்துக் கட்டிப் படுக்கவைக்கப்பட்டிருந்தது. ஒரு சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் சிறு பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியது. அந்த நொடியில் டாஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருசேர எரிந்தன; வேகமானியின் முள் பூஜ்யத்துக்கு விழுந்து, துள்ளி, பழைய இடத்துக்கே வந்தது. இன்ஜின் அணையவில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் வண்டி ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனார்கள்.

இதை லிம்ப் மோட் என்கிறார்கள். நொண்டி நிலை என்று சொல்லலாம். சென்சார்கள் அனுப்பும் தகவலை நம்ப முடியாமல் போகும்போது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி அதன் திறனை வேண்டுமென்றே குறைத்து, பட்டறை வரை போய்ச் சேர்ந்தால் போதும் என்ற அளவுக்கு மட்டும் ஓடவிடுகிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி கிளப்பினேன். ஒரு விளக்கைத் தவிர மற்றவை எல்லாம் மறைந்திருந்தன, இழுவையும் திரும்பியிருந்தது. அலமாரியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஏதோ ஒரு தற்காலிகக் குழப்பம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன். அதை நான் எவ்வளவு எளிதாக நம்பிவிட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நான் தச்சுப் பட்டறை நடத்துகிறவன். மரத்தைக் கொண்டுவருவதற்கும் செய்து முடித்ததைக் கொண்டுபோய்ப் பொருத்துவதற்கும் வண்டி வேண்டும். வண்டி நின்றால் உளிகளும் ரம்பங்களும் சும்மா கிடக்கும். இதற்கு முன் வைத்திருந்த வண்டியை 13 ஆண்டுகள் ஓட்டினேன். அதற்கும் பழுதுகள் வந்தன. ஆனால் அது முனகிவிட்டுத்தான் படுக்கும். கிளட்ச் போவதற்கு மூன்று மாதம் முன்பே மேட்டில் வழுக்கும். வாட்டர் பம்ப் போவதற்கு முன் கீழே சொட்டுச் சொட்டாகக் கறை விழும். புதிய வண்டியை நான் வாங்கியது இந்த முனகலைக் கேட்டுச் சலித்துத்தான். புதியதோ சொல்லாமல் கொள்ளாமல் படுத்தது. எழுந்ததும் எதுவுமே நடக்காததுபோல் ஓடியது.

அடுத்த ஆறு மாதங்களில் ஐந்து முறை சர்வீஸ் சென்டர் போனேன். முதல் முறை கணினியில் பதிவாகியிருந்த பழுதுக் குறியீடுகளை அழித்து, மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை மின்னழுத்தம் குறைந்ததாகக் குறியீடு இருக்கிறது என்று சொல்லி பேட்டரியை மாற்றினார்கள். மூன்றாம் முறை எதுவும் அகப்படவில்லை. நான்காம் முறை வந்தது வேறொரு பழுது. அதைத் தனியே சொல்கிறேன். ஐந்தாம் முறை 9 நாட்கள் வைத்திருந்து, 60 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, ஜாப் கார்டில் "பழுது காணப்படவில்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். நாட்களைக் கூட்டினால் 3, 6, 5, 11, 9. மொத்தம் 34 நாட்கள். வாரண்டியில் இருந்ததால் அவர்கள் எதற்கும் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த 34 நாட்களுக்கும் வாடகை வண்டிக்குக் கொடுத்தது என் பணம்.

"பழுது காணப்படவில்லை" என்ற வாக்கியத்தை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைப் பொய்யன் என்கிறார்களா என்று கேட்கக்கூடத் தோன்றியது. சர்வீஸ் அட்வைசர் இளைஞர். அவர் முகத்தைப் பார்த்தபோது, அவரிடம் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று புரிந்தது. "சார், எங்களிடம் இருக்கும்வரை ஒருமுறைகூட வரவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார். அவர் சொன்னதும் உண்மை, என் வண்டி நின்றதும் உண்மை. பிறகு யோசித்துப் பார்த்தபோது, அந்த வாக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டிருப்பது தெரிந்தது. "இங்கே" காணப்படவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அவர்கள் என் வண்டியை வெறுமையாக, சமதளச் சாலையில், தனி ஆளாக ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். நானோ அப்படி ஒருநாளும் ஓட்டுவதில்லை.

பழுதுக் குறியீடுகள் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவு அவற்றைச் சுற்றித்தான் உருவானது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்பட்ட கார்களிலும் இலகு ரக வண்டிகளிலும் அது கட்டாயம். இன்று ஏறக்குறைய எல்லா நாட்டு வண்டிகளிலும் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் செருகினால் குறியீடுகள் வரும். பி என்று தொடங்கினால் இன்ஜினும் கியரும் சார்ந்தது. சி என்றால் பிரேக், ஸ்டியரிங் போன்ற சேஸிஸ் பாகங்கள். பி என்றே நம் எழுத்தில் வரும் இன்னொரு வரிசை உடற்பகுதிக்கு உரியது (தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது ஒரு தொல்லை). யு என்றால் வண்டிக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் வந்த சிக்கல். என் வண்டியில் திரும்பத் திரும்பப் பதிவானவை யு 0100, யு 0121 என்ற இரண்டு. முதலாவது இன்ஜின் கணினியோடு தொடர்பு அறுந்தது என்றும், இரண்டாவது ஏ.பி.எஸ். பிரேக் கணினியோடு தொடர்பு அறுந்தது என்றும் சொல்கின்றன. இவற்றோடு மின்னழுத்தக் குறைவைச் சொல்லும் பி 0562 ஒருமுறை வந்தது. அதை நம்பித்தான் பேட்டரியை மாற்றினார்கள். குறியீடு நோயின் பெயரைச் சொல்வதில்லை, எங்கே வலித்தது என்று மட்டும் சொல்கிறது என்பது எனக்கே அப்போது தெரியாது. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

குறை சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. இன்ஜின் சார்ந்த குறியீடு விழும் கணத்தில் வேகம், இன்ஜின் சுழற்சி, வெப்பநிலை முதலியவற்றையும் கணினி உறையவைத்துச் சேமிக்கிறது. குறியீட்டை அழித்தால் அந்தச் சாட்சியும் அழிந்துபோகும். முதல் முறை எந்தப் பிரதியும் எடுக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். அதன்பிறகுதான் நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பழுது வந்த தேதி, நேரம், மீட்டர் அளவு, பின்னால் இருந்த எடை, திரும்பிய திசை, சாலை எப்படி இருந்தது, மழையா வெயிலா என்று ஒவ்வொன்றையும் எழுதத் தொடங்கினேன். சிறியதாக ஒரு ஸ்கேனரும் வாங்கி, வண்டியைக் கொண்டுபோய் விடுவதற்கு முன் திரையைப் படம் எடுத்துக்கொண்டேன்.

மனைவியிடம் அந்த நோட்டை ஒருநாள் இரவு காட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாமே சரக்கோடு போன நாளாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். ஏழு பதிவுகள் இருந்தன. ஏழிலும் பின்தொட்டியில் 400 கிலோவுக்கு மேல் இருந்திருக்கிறது. எழுதியவன் நான். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

இதற்குள் வண்டியைக் கொடுத்துவிடுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வி வீட்டில் தினசரிப் பேச்சாகிவிட்டிருந்தது. தெரிந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ராசியில்லாத வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றது ஒரு கட்சி. இவ்வளவு போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் பொறு என்றது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. போட்ட பணம் போய்விட்டது. வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பி வராது, ஆகவே முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் புதிய வண்டியின் மதிப்பு மிக வேகமாகச் சரிவது முதல் ஆண்டில்தான் என்பதும் தெரியும். அந்தச் சரிவின் பெரும்பகுதியை நான் ஏற்கெனவே சுமந்தாகிவிட்டது. இப்போது விற்று இன்னொரு புதியதை வாங்கினால், அதே சரிவில் இரண்டாம் முறை இறங்க வேண்டும்.

நண்பர் ஒருவர் இன்னொரு கேள்வியைக் கொடுத்தார்: "இன்றைக்கு உன் கையில் பணம் மட்டும் இருந்து, இந்த வண்டி சந்தையில் நின்றால், வாங்குவாயா?" கேட்டவுடன் கூர்மையாகத் தோன்றும் கேள்வி. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. சந்தையில் நிற்கும் வண்டியைப் பற்றி வாங்குபவனுக்கு ஒன்றும் தெரியாது. விற்பவனுக்கு மட்டுமே தெரியும். பழைய வண்டிகளின் விலை விழுவதற்கே அந்த ஏற்றத்தாழ்வு ஒரு காரணம். என் வண்டியைப் பற்றி உலகிலேயே அதிகம் தெரிந்தவன் நான். எப்போது நிற்கும், எப்போது நிற்காது என்று நோட்டே இருக்கிறது. அந்த அறிவுக்குச் சந்தையில் மதிப்பில்லை. நேர்மையாக எடுத்துச் சொன்னால் விலை இன்னும் இறங்கும். மறைத்து விற்றால், என்னைப்போல் இன்னொருவன் பாரத்தோடு ஒரு சந்திப்பின் நடுவில் நிற்பான். அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை. ஆகவே இந்த வண்டியை வாங்குவேனா என்று கேட்பதில் பொருளில்லை. இதைப் பற்றி நான் அறிந்தது போதுமா, அல்லது இன்னும் ஒரு படி மேலே போய்க் காரணத்தையே அறிய முடியுமா என்று கேட்பதுதான் பொருத்தமாகப் பட்டது. காரணம் தெரிந்த பழுது பத்து முறை வந்திருந்தாலும் அது முடிந்த கதை. காரணம் தெரியாமல் மறைந்த பழுது ஒரே முறை வந்திருந்தாலும் அது இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது. எத்தனை முறை பழுது பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த நான் அன்றோடு அதை நிறுத்தினேன்.

சட்டம் என்னவோ எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் முதன்முதலில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குறையுள்ள காரை எலுமிச்சம்பழம் என்று அங்கே கேலியாகச் சொல்வதால் அந்தப் பெயரே சட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரே பழுதை 4 முறை பார்த்தும் தீரவில்லை என்றாலோ, பழுதுக்காக மொத்தம் 30 நாட்கள் வண்டி முடங்கிக் கிடந்தாலோ, தயாரித்தவருக்குப் போதிய வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று கொள்ளும் வழக்கம் அங்கிருந்து பரவியது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் முதல் 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பித் தர உரிமை கொடுக்கிறது. அதன்பின் விற்றவருக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு. நான் இந்த நாடுகளில் வண்டி வாங்கியவன் அல்லன். இருந்தாலும் 34 என்ற என் எண்ணை அந்த 30-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஒரு பயன் இருந்தது: நான் அவசரப்படுகிறேனோ என்ற சந்தேகம் போயிற்று. தொழிலுக்காக வாங்கிய வண்டிக்கு இத்தகைய சட்டங்கள் பல பொருந்துவதில்லை என்பதையும் கவனித்தேன். என்னைப் போன்றவர்கள் வழக்குக்குப் போகும் முன் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான்.

ஐந்தாம் முறை வண்டி திரும்பி வந்த வாரத்தில், லாரிகளுக்கு மட்டுமே மின்வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஸ்கேனரை அவர் தொடவே இல்லை. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டின் 6-ஆம் முனையிலும் 14-ஆம் முனையிலும் மல்டிமீட்டரின் ஊசிகளை வைத்தார். 60.3 ஓம் என்று காட்டியது. கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பில் இரண்டு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாக அமைவதால் நடுவில் அளந்தால் 60 வரவேண்டும். "பேச்சு வயர் நன்றாக இருக்கிறது, தம்பி. பேசுகிறவன் காலடிதான் ஆடுகிறதோ என்னவோ" என்றார்.

பிறகு பேட்டரியை மறுபடி இணைத்து, முகப்பு விளக்கு, ஊதுவிசிறி எல்லாவற்றையும் போடச் சொன்னார். ஓர் ஊசியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றைக் கேபினுக்குள் இருக்கையை இறுக்கும் போல்ட்டிலும் வைத்தார். இரண்டும் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை, என்பதால் இடையில் வித்தியாசம் ஏறக்குறைய இருக்கவே கூடாது. மீட்டர் 0.04 வோல்ட் காட்டியது. நல்ல அளவு. "இப்போது உங்கள் மரத்தை ஏற்றுங்கள்" என்றார். பட்டறையிலிருந்து என் உதவியாளர் பலகைகளைக் கொண்டுவர, தோராயமாக 600 கிலோ ஏற்றினோம். 0.05. முன்பக்க இடச்சக்கரத்துக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து வண்டியை அதன்மேல் ஏற்றினார். 0.09. உதவியாளர் பின்தொட்டியில் ஏறி நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றி அழுத்தி ஆட்டினார். 0.11, 0.07, 0.83. அந்தக் கடைசி எண் ஒரு கணம்தான் இருந்தது. மூவரும் பார்த்தோம். டாஷ்போர்டில் ஒரு விளக்கு சிமிட்டி அணைந்தது.

"மீட்டரே மெதுவானது," என்றார் பெரியவர். "அது 0.83 காட்டினால் உண்மையில் எவ்வளவு துள்ளியதோ."

படுத்துக்கொண்டு டார்ச் அடித்துக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. பிக்கப் வண்டியில் கேபின் என்பது சேஸிஸோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்டதல்ல. ஏணிபோல் இருக்கும் இரும்புச் சட்டத்தின்மேல் ரப்பர் திண்டுகள் வைத்து உட்காரவைக்கப்பட்டது. அதிர்வைத் தாங்குவதற்காக வைத்த அந்த ரப்பரில் மின்சாரம் போகாது. ஆகவே கேபினுக்கும் சேஸிஸுக்கும் இடையே பின்னல் கம்பியாலான எர்த் பட்டை ஒன்றைப் பூட்டியிருப்பார்கள். என் வண்டியில் அந்தப் பட்டையின் ஒரு முனை, தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. போல்ட்டின் மரைகள் வழியாகக் கிடைத்த தொடர்பை வைத்துத்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. வெறும் வண்டியில் சட்டம் அசையாது, தொடர்பும் அறாது. பாரம் ஏறி, திரும்பும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், ஏணி முறுக்கிக்கொள்ளும், கேபின் ஒரு பக்கமாகச் சாயும், பட்டை இழுபடும், கேபினுக்குள் இருக்கும் கணினிகளின் எர்த் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அந்தரத்தில் தொங்கும். அவை பேசும் மொழி மற்றவற்றுக்குப் புரியாமல் போகும். தச்சனுக்கு இது புதிதல்ல. சுவரோரம் சமதளத்தில் அழகாக மூடும் அலமாரிக் கதவு, தளம் ஒரு மூலையில் தாழ்ந்தால் மூட மறுக்கும். கதவை எவ்வளவு இழைத்தாலும் தீராது.

என் கையே பரபரத்தது. ஒரு உப்புத்தாள் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பெரியவர் தடுத்துவிட்டார். "நீங்களும் தொடாதீர்கள், நானும் தொடமாட்டேன். வாரண்டி இருக்கிறது. அவர்களே செய்து, செய்ததை எழுதிக் கொடுக்கட்டும்." அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஆறாம் முறை சர்வீஸ் சென்டர் போனபோது, வண்டியைப் பாரத்தோடே கொண்டுபோனேன். அதே இளைஞர், தாளைப் பார்த்துவிட்டு உள்ளே போய், மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தார். இரண்டு நாளில் பட்டையை மாற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, இணைப்பின்மேல் துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸ் பூசிக் கொடுத்தார்கள். ஜாப் கார்டில் முதல் முறையாக ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. நான்காம் முறை வந்த பழுது இருக்கிறதே. அது பி 2463; டீசல் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி நிறைந்துவிட்டது என்று பொருள். டி.பி.எஃப். என்று சொல்லப்படும் அந்த வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்: புகைபோக்கியின் வெப்பத்தை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்த்திச் சேர்ந்த கரியை எரித்துவிடும். அதற்கு ஒரே வேகத்தில் 15, 20 நிமிட ஓட்டம் வேண்டும். என் பட்டறைக்கும் மரக் கிடங்குக்கும் இடையே 4 கிலோமீட்டர். பெரும்பாலான நாட்களில் என் வண்டி ஓடுவது அவ்வளவுதான். இன்ஜின் சூடேறும்போது நான் சாவியை அணைத்திருப்பேன். எரிக்கத் தொடங்கி பாதியில் நின்று, மறுபடி தொடங்கி மறுபடி நின்று, கடைசியில் அது கைவிட்டுவிட்டது. ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தபோது ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. கரியை எரிப்பதற்காகச் சில இன்ஜின்கள் சிலிண்டருக்குள் தாமதமாகத் தெளிக்கும் டீசல், எரியாத பங்கு சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்துவிடுகிறது. ஆயில் நீர்த்தால் பேரிங்குகளுக்கு ஆபத்து. அளவு குறைந்தால் பதறும் நாம், கூடினால் மகிழ்ந்துபோகிறோம்.

இந்தப் பழுதுக்கு யாரைக் கேட்பது? வாங்கும்போது யாரும் என் ஓட்டம் எவ்வளவு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதிக பாரம், அதனால் டீசல் என்று முடிவு செய்தது நான். 'நம்ப முடியாத வண்டி' என்று ஆறு மாதம் நான் ஊரெல்லாம் சொன்னதில் ஒரு பாதி வண்டியின் குறை. மற்றப் பாதி, எனக்குப் பொருந்தாத வண்டியை நான் பொருந்தாத விதத்தில் ஓட்டியது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தவரை எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்பதையும் கவனித்தேன். எர்த் பட்டை சரியானால் அந்தப் பழுது போய்விடும். டி.பி.எஃப். அப்படியல்ல, இந்த வண்டியைக் கொடுத்துவிட்டு இன்னொரு டீசல் வண்டி வாங்கினாலும் அது என்னோடே வரும். இப்போது வாரம் ஒருமுறை மரக் கிடங்கிலிருந்து நேரே பட்டறைக்கு வராமல், நெடுஞ்சாலையில் ஏறி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன். டீசல் செலவுதான். நாயை நடக்கக் கூட்டிப்போவதுபோல் இருக்கிறது என்று உதவியாளர் சிரிக்கிறார்.

சரிசெய்து வாங்கிய அன்றே நோட்டில் என் நிபந்தனைகளை எழுதினேன். 90 நாட்கள், அதற்குள் 500 கிலோவுக்குக் குறையாத பாரத்தோடு குறைந்தது ஆறு நீண்ட பயணங்கள், யு வரிசைக் குறியீடு ஒன்றே ஒன்று மறுபடி விழுந்தாலும் மாற்று வண்டி கேட்டு எழுத்துமூலம் கொடுப்பது, அது நடக்காவிட்டால் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிக் கிடைத்த விலைக்கு விற்பது. முன்கூட்டியே எழுதிவைத்ததற்குக் காரணம், என்னை எனக்குத் தெரியும். வண்டி நின்ற நாளில் தீ வைத்துக் கொளுத்தலாமா என்றிருக்கும். மழை கழுவிய காலையில் சொன்னபடி கிளம்பினால், பாவம் என்றிருக்கும்.

52-ஆம் நாள் ஒரு விளக்கு எரிந்தது. கைகள் சில்லிட்டுவிட்டன. ஓரம் கட்டிப் பார்த்தால், பின்சக்கரம் ஒன்றில் காற்று குறைந்திருக்கிறது. டயரில் ஓர் ஆணி. என் பட்டறை ஆணியேதான், ஒன்றரை அங்குலம். சிரித்துவிட்டேன். ஆனால் சிரிப்பதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டி தேறிவிட்டது, நான் தேறவில்லை.

உண்மையில் எனக்கு நேர்ந்த நட்டம் எங்கே இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. பழைய ஆர்டர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பழுதுக்கு முன் 100 கிலோமீட்டருக்கு அப்பால் மாதம் மூன்று, நான்கு வேலை எடுத்திருக்கிறேன். அதன்பின் ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. யாரும் என்னை விலக்கவில்லை. அழைத்தவர்களிடம் கை நிறைய வேலை இருப்பதாக நானே சொல்லியிருக்கிறேன். பெரிய சாப்பாட்டு மேசைகள் செய்வதைக் குறைத்து, காரின் பின்னிருக்கையில்கூட அடங்கும் முக்காலிகளும் அடுக்குப் பெட்டிகளும் செய்யத் தொடங்கியிருக்கிறேன். வண்டியின் அளவுக்குத் தொழிலைச் சுருக்கிக்கொண்டேன் என்பதை எந்த ஜாப் கார்டிலும் யாரும் எழுதமாட்டார்கள். வாடகை வண்டிச் செலவையும் தேய்மானத்தையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்த என் கணக்கில் இந்த வரியே இல்லை. இதைச் சேர்த்திருந்தால் ஏழாம் மாதத்திலேயே விற்றிருப்பேனோ என்றும் நினைக்கிறேன். காரணம் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தது என் பொறுமையால் அல்ல, மறுபடி கடன் வாங்கும் தெம்பு இல்லாததால்தான்.

90 நாட்கள் போன வாரம் முடிந்தன. ஆறு என்று எழுதியிருந்த இடத்தில் எட்டுப் பயணங்கள். யு வரிசையில் எதுவும் விழவில்லை. வண்டியை வைத்துக்கொள்கிறேன். வாரண்டி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு எல்லா எர்த் இணைப்புகளையும் ஒருமுறை பாரத்தோடு அளந்து பார்க்கவேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பெரியவரிடம் இப்போதே சொல்லியும் வைத்தாயிற்று.

நாளை 240 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டுக்கு இரண்டு கட்டில்களும் ஓர் அலமாரியும் போகின்றன. மாலையில் ஏற்றிக் கட்டி, கயிற்றை முடிந்துகொண்டிருக்கும்போது மனைவி வாசலில் வந்து நின்றார். "எதற்கும் அந்த வாடகை வண்டிக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டீர்களா?"

இல்லை என்றேன். அவருடைய எண் இன்னும் என் போனில்தான் இருக்கிறது.